நானூறுக்கு அப்பால்

ஜூன் 9

புதிய நோட்டு. பழையது தேங்காயெண்ணெய் கொட்டிப் பாதியிலேயே வீணாகிவிட்டது.

காலையில் துணி துவைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இரண்டு சுடிதாரையும் கொடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் விடுதிக்குப் பின்னால் முள்வேலியில் போட்டது. கோயம்புத்தூருக்கு மேற்கே இந்த இடத்தில் ஆய்வு மையம் கட்டியவர் வாழ்நாளில் ஒரு துணி காயப்போட்டிருக்க மாட்டார்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து பேசினாள். "நீ அங்க என்னதான்ட்டி பாக்குத?" என்று பத்தாவது வருடமாகக் கேட்டாள். நானும் பத்தாவது வருடமாகச் சொன்னேன். விண்மீன்கள் தனியாகப் பிறப்பதில்லை, கூட்டமாகத்தான் பிறக்கின்றன. பிறந்த ஒவ்வொன்றையும் சுற்றி வாயுவும் தூசும், தோசைக்கல்லில் பரப்பிய மாவு மாதிரி, ஒரு வட்டாகச் சுழலும். அதைத் தின்றுதான் விண்மீன் வளரும். மிச்சத்தில்தான் கோள்கள் உண்டாகும். இரண்டு இளம் விண்மீன்கள் கிட்டத்தில் கடந்து போனால் வட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக் கலைக்கும். யாருக்கு நட்டம், யாருக்கு லாபம் என்று கணினியில் இருபது லட்சம் துகள்களை ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. "அங்கயும் பக்கத்து வீட்டுச் சண்டைதானா?" என்றாள் அம்மா.

மாலையில் கணினியில் புதிய ரன் கொடுத்தேன். ஒரு விண்மீன் வட்டோடு நிற்கிறது, இன்னொன்று அருகில் வந்து கடந்து போகிறது. எல்லையைத் தாண்டி வெகுதூரம் போகும் துகளைக் கணினி கணக்கிலிருந்து நீக்கிவிடும். அந்த எல்லையை நானூறில் வைத்தேன், அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல நானூறு மடங்கு. மூவாயிரத்தில் வைத்தால் மூன்று வாரம் ஓடும். நானூறில் ஆறு நாள். ரீபா எட்டிப் பார்த்து, "இது போதுமா செண்பா?" என்று கேட்டாள். போதும் என்றேன்.

ரீபா என் அறைத்தோழி. அலுவலகத்திலும் எதிர் மேசை. குலசேகரம் பக்கத்துப் பெண், என்னைவிட மூன்று வயது இளையவள். தினமும் சாயங்காலம் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருக்கும் தங்கையிடம் அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். நான் இதில் எழுதுவதை அவள் அங்கே பேசித் தீர்க்கிறாள்.

ஜூன் 10

ரன் ஓடுகிறது. மெஸ்ஸில் மறுபடியும் பீர்க்கங்காய்.

ஜூன் 16

முடிந்தது. வட்டில் ஐந்தில் நான்கு பங்கு வாயு வெளியே போய்விட்டது! வெறும் வெளியில் சிதறி யாருக்கும் இல்லாமல் போகிறது. நெருக்கமாகப் பிறக்கும் விண்மீன்கள் ஒன்றையொன்று பட்டினி போட்டுக்கொள்கின்றன, அதனால் அங்கே எதுவும் பெரிதாக வளராது. எங்கள் குழுத் தலைவர் பேராசிரியர் சாரங்கபாணி படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஆறு வருடத்தில் அவர் எனக்காக எழுந்தது இன்றுதான்.

கட்டுரைக்குப் படங்களை ரீபா போடுகிறாள். இரண்டாவது பெயராக அவளைச் சேர்த்தேன்.

செப்டம்பர் 22

கட்டுரை வெளியாகிவிட்டது. நிரந்தரப் பணிக்கான நேர்காணல் நவம்பர் 14. ஒரே ஓர் இடம்தான். எனக்கு முப்பத்தைந்து முடியப்போகிறது. இது இல்லையென்றால் இனி ஊரில் ஏதாவது கல்லூரியில் மணிக்கணக்கு வேலைதான். கட்டுரை கையில் இருக்கும்வரை பயமில்லை என்கிறார் சாரங்கபாணி.

அக்டோபர் 7

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பினேன். கணினிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். விடுமுறையில் கணினியைத் தொடக் கூடாது என்பது இங்கே ஒரு சம்பிரதாயம். ரீபா தொட்டிருக்கிறாள். எல்லாரும் ஊருக்குப் போனபின் பெரிய கணினி மொத்தமும் சும்மா கிடந்ததாம், மூன்று வார ரன் எட்டு நாளில் முடிந்துவிட்டதாம்.

நான் பையைக்கூட வைக்கவில்லை. படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"செண்பா, நம்ம கட்டுரையில கடந்து போற நட்சத்திரம் வெறுங்கையோடயில்லா போவுது. எனக்கு அப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு."

"அதுக்கென்ன?"

"கல்யாண வீட்டுக்குப் போனவங்க திரும்பும்போ ஒரு வெத்தல பாக்காவது கொண்டு போவாங்கல்லா? இவ்வளவு பக்கத்துல வந்துட்டு ஒண்ணும் எடுக்காமப் போவுமா? அதான் எல்லைய மூவாயிரத்துல வச்சு ஓட்டிப் பாத்தேன். இதப் பாரு."

பார்த்தேன். வாயு வெளியில் சிதறவில்லை. கடந்து போகும் விண்மீன் அதைத் தன்னோடு அள்ளிக்கொண்டு போகிறது. நானூறைத் தாண்டியதும் என் கணினி அத்தனையையும் நீக்கிவிட்டு, தொலைந்தது என்று எண்ணியிருக்கிறது. உண்மையில் அந்த வாயு முழுக்க அந்த விண்மீன்மேல் விழுகிறது. அது பெருக்கிறது, சில காலம் பளீரென்று எரிகிறது. நெருக்கத்தில் எல்லாரும் பட்டினி கிடக்கவில்லை. ஒருவன் இன்னொருவன் சோற்றைத் தின்று வளர்கிறான். கட்டுரையின் முடிவு தலைகீழ்.

பத்திரிகைக்கு உடனே திருத்தம் அனுப்ப வேண்டும் என்றாள். நவம்பர் பதினான்கு முடியட்டும் என்றேன்.

"அதுவரைக்கும் அது பொய்யாக்கும், செண்பா."

கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எரிச்சல் வந்தது. விடுமுறையில் கணினியைத் தொட இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது?

அக்டோபர் 19

நல்ல மழை. ஈரத்துணி நாற்றம். விடுதியின் பின்பக்கம் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறது.

ரீபா திருத்தக் கடிதத்தை ஒரு பக்கத்தில் எழுதி, அச்செடுத்து, என் தலையணைமேல் வைத்திருந்தாள். கீழே இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம். தன்னுடையதைப் போட்டுவிட்டாள். அதில் "எல்லையை நாங்கள் குறைவாக வைத்துவிட்டோம்" என்று இருக்கிறது. நாங்கள். அவள் அப்படித்தான், யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

கடிதத்தை இழுப்பறையில், இஸ்திரி போட்ட துப்பட்டாக்களுக்கு அடியில் வைத்தேன். கசங்காமல் இருக்கட்டும் என்றுதான்.

நவம்பர் 2

பேசுவது குறைந்துவிட்டது. காப்பி குடிக்கப் போகும்போது முன்பு இரண்டு தம்ளர் எடுப்பேன். நேர்காணலுக்குத் தயாராக வேண்டும் என்று சொல்லி, கீழே காலியாக இருந்த விருந்தினர் அறைக்கு மாறிக்கொண்டேன். உண்மையில் படிக்கத்தான் மாறினேன்.

நவம்பர் 10

ரீபாவுக்குக் காய்ச்சல் என்று மெஸ்ஸில் வேலை பார்க்கும் பழனியம்மா சொன்னாள். ஊரெல்லாம் காய்ச்சல்தான். மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

உரையை மூன்றுமுறை பேசிப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் குறைக்க வேண்டும்.

நவம்பர் 12

மதியம் கதவு தட்டும் சத்தம். ரீபா. போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். திருத்தத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து, கதவைப் பாதிதான் திறந்தேன்.

"செண்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட வாறியா? கண்ணுக்குப் பின்னால ஒரே வலி. தனியாப் போகப் பயமா இருக்கு."

சாயங்காலம் போகலாம் என்றேன்.

உரை இப்போது சரியாக இருபது நிமிடம்.

நவம்பர் 13

இஸ்திரி. நீலப் பட்டு போதும், பச்சை கண்ணை உறுத்தும். சான்றிதழ் நகல்கள் இரண்டு படி.

நவம்பர் 14

நேர்காணல் நன்றாகப் போனது. நாற்பது நிமிடம். கடைசியில் ஒருவர், "வட்டிலிருந்து பிரிந்த வாயு எங்கே போகிறது?" என்று கேட்டார். "வெளியே" என்றேன். தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

விடுதிக்கு வந்தால் மேலே அறை பூட்டியிருந்தது. பழனியம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, காலைல கஞ்சி கொண்டுபோய்க் கதவத் தட்டுனா சத்தமே இல்லீங்க. மூக்குல ரத்தமுங்க. காய்கறி வண்டியிலதான் தூக்கிப்போட்டுக் கொண்டு போனோமுங்க. உங்க போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தோம், நீங்க எடுக்கவே இல்லீங்க."

நேர்காணலுக்காக அணைத்து வைத்திருந்தேன். யாராக இருந்தாலும் அணைத்துத்தான் வைப்பார்கள்.

நவம்பர் 16

ரீபா இன்று காலை பதினொன்றே காலுக்கு இறந்துவிட்டாள். டெங்கு. இரண்டு நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்.

நவம்பர் 20

ரீபாவின் அப்பா ஞானாபரணம் அவள் சாமான்களை எடுக்க வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். விரல் நுனியெல்லாம் ரப்பர் பால் படிந்து கறுத்திருக்கிறது. இரண்டு பெட்டி, ஒரு பைபிள், ஒரு ஃபிளாஸ்க். அவ்வளவுதான் இருந்தது. அவளுடைய செருப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அவர் ஊர் வழக்கப்படி என்னை மக்களே, அதாவது மகளே, என்று கூப்பிட்டார்.

"மக்களே, எனக்கப் பிள்ள இங்க என்னதான் செய்துட்டு இருந்தா? ஊருல கேக்காங்க. எனக்குச் சொல்லத் தெரியல்ல."

சொன்னேன். குழந்தை விண்மீன்கள், அவற்றைச் சுற்றி வட்டு, பக்கத்தில் வரும் இன்னொன்று அதை அள்ளிக்கொண்டு போவது. கவனமாகக் கேட்டார்.

"அள்ளிட்டுப் போனவன் என்னாவான்?"

"வளருவான். கொஞ்ச காலம் ரொம்பப் பிரகாசமா இருப்பான்."

"பறிகுடுத்தவன்?"

"இருப்பான் ஐயா. ஆனா அவனச் சுத்தி அப்புறம் ஒண்ணும் உண்டாகாது."

"எங்க ரப்பருலயும் அப்படித்தான். பட்டையத் தாண்டி உள்ள வெட்டினா மரம் நிக்கும். பால் வராது." பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "நல்ல வேலைதான் பாத்திருக்கா."

அவர் போனபிறகுதான் உறைத்தது. கட்டுரையில் இருப்பதை நான் சொல்லவில்லை. ரீபா கண்டுபிடித்ததைச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 3

பணி ஆணை வந்துவிட்டது. ஒரு வருடம் தகுதிகாண் பருவம், பிறகு நிரந்தரம். அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தாளாம்.

ஜனவரி 15

பொங்கலுக்கு ஊர். கரும்பு கடித்ததில் பல் ஆடுகிறது.

பிப்ரவரி 18

நான் பயந்தது வந்துவிட்டது. வெளிநாட்டுக் குழு ஒன்று எங்கள் ரன்னைத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறது. கடந்து போகும் விண்மீன் வெறுங்கையோடு போவது எப்படி என்று மரியாதையாகக் கேட்டு மின்னஞ்சல். ரீபா கேட்ட அதே கேள்வி.

சாரங்கபாணி கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார்.

"எல்லையை நானூறுல வெச்சது யாரும்மா?"

எட்டு மாதத்துக்கு முந்தைய விஷயம். யார் எந்தக் கோப்பில் எதை மாற்றினோம் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படித்தான் சொன்னேன்.

"ரன்னுக்கான கோப்புகளைத் தயார் பண்ணது ரீபாவா?"

படங்களுக்கான கோப்புகளை அவள்தான் தயாரித்தாள். ஆமாம் என்றேன்.

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியலை. இது உங்க பேர்ல வந்தா கமிட்டி விடாது. அவ பாவம், போய்ச் சேர்ந்துட்டா. இனிமே அவளுக்கு இதனால ஒண்ணும் ஆகப்போறதில்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவர் பாடு.

பிப்ரவரி 19

சாப்பிடவில்லை. பசியில்லை.

மார்ச் 11

திருத்தம் வெளியாகிவிட்டது. அரைப் பக்கம். புதிய முடிவைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். அள்ளிக்கொள்ளும் விண்மீன் பெருக்கிறது, எனவே நெருக்கமான கூட்டங்களில் சில விண்மீன்கள் மிகப் பெரிதாக வளர்கின்றன. முதல் கட்டுரையைவிட இது முக்கியமான முடிவு என்று அந்த வெளிநாட்டுக் குழுவே பாராட்டி எழுதியிருக்கிறது. மூன்றாவது வரி மட்டும் இப்படி: "மறைந்த இரண்டாம் ஆசிரியர் ஞா. ரீபா தயாரித்த கோப்புகளில் எல்லை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது."

சாரங்கபாணி எழுதிய வரி. நான் "மறைந்த" என்பதைச் சேர்த்தேன். மரியாதைக்காக.

ஏப்ரல் 6

ஞானாபரணம் ஐயா போன் செய்தார். மையத்து அலுவலகத்திலிருந்து திருத்தத்தின் பிரதி ஒன்றை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். யார் அனுப்பச் சொன்னது?

"மக்களே, எனக்கப் பிள்ளைக்கப் பேரு அச்சுல வந்துருக்கு. இங்கிலீசு தெரியாதெங்கிலும் அவ பேரு எனக்குத் தெரியும்லா. செத்த பெறவும் மறக்காமப் போட்டுருக்கீங்களே. நீங்க நல்லா இருக்கணும்."

சாயங்காலம் படம் அனுப்பினார். தாளை லேமினேட் செய்து, சட்டம் போட்டு, கர்த்தர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மூன்றாவது வரியில் அவள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

போனைக் கவிழ்த்து வைத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூலை 30

வகுப்பு. மையத்து மாணவர்களின் விடைத்தாள். வகுப்பு.

நவம்பர் 16

ரீபாவின் ஓராண்டு நினைவு. ஐயா நான்கு முறை கூப்பிட்டுவிட்டார், போகாமல் முடியவில்லை. காலையில் குலசேகரம் போய் இறங்கினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே சின்ன சர்ச். நாற்பது பேர் இருப்பார்கள். ஜெபம் முடிந்ததும் ஐயா சட்டத்தோடு அந்தத் தாளை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் என் கையில் கொடுத்தார்.

"இத வாசிச்சுத் தமிழுல சொல்லணும் மக்களே. எனக்கப் பிள்ள என்ன செய்தான்னு இவங்களும் கேக்கட்டும்."

தாளைப் பார்த்தேன். சிவப்புக் கோடு கண்ணுக்கு நேரே இருந்தது. பிறகு வாசிப்பது போலவே சொல்ல ஆரம்பித்தேன். விண்மீன்கள் வளரும் விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, அது தவறு. அந்தத் தவறைக் கண்டுபிடித்தது ரீபா. எல்லாரும் ஊருக்குப் போன விடுமுறையில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தாள். ஒரு விண்மீன் இன்னொன்றிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டு போகிறது என்று உலகத்துக்கு முதலில் சொன்னவள் இந்த ஊர்ப் பெண். அப்படியே சொன்னேன். ஒரு பொய் இல்லை. பெண்கள் அழுதார்கள். ஐயா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

தங்கை ஷைனி முன்வரிசையில் இருந்தாள். அவள் மட்டும் அழவில்லை.

சாப்பாடு முடிந்து பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். என் பையை அவள்தான் தூக்கிக்கொண்டாள். நிறுத்தத்தில் நின்றதும் ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் நர்ஸாக்கும். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும். அந்தத் தாள ஏப்ரல்லயே வாசிச்சாச்சு."

நான் சாலையைப் பார்த்தேன்.

"போன வருசம் ஜூன்ல எங்க அக்கா என்கிட்ட போன்ல சொன்னா. நானூறு போதுமான்னு கேட்டேன், செண்பா போதும்னு சொல்லிட்டா, அவளுக்குத் தெரியும்லான்னு."

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்பா காலம்பற வெட்டுக்குப் போகும்போ அதத் தொட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் போவாரு. நான் சொன்னா அதையும் செவுத்துல இருந்து எடுக்கணும். அவருக்கு வேற என்ன இருக்கு?" பையை என் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்க வாசிச்சீங்கல்லா, அத ஒரு தாளுல எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்க. சட்டத்துக்குள்ள அந்தத் தாளுக்குப் பின்னால வச்சிருவேன். அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியணும்."

அனுப்புகிறேன் என்றேன். பஸ் வந்தது.

நவம்பர் 17

எழுத உட்கார்ந்தேன். புதிதாக எழுத ஒன்றுமே இல்லை. இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. "எல்லையை நானூறில் வைத்தேன்." என் கையெழுத்து, தேதியோடு. இத்தனை மாதமாக இந்தப் பக்கம் ஒன்றைத்தான் நான் புரட்டவில்லை.

பக்கத்தைக் கிழித்தேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். உறையில் வைத்து ஒட்டி, ஷைனியின் முகவரி எழுதினேன். தபால்தலையும் ஒட்டிவிட்டேன். நாளைக் காலையில் போட்டுவிட வேண்டும்.

நவம்பர் 18

மழை. தபால் பெட்டி வரை போக முடியவில்லை.

நவம்பர் 24

துணி காயவில்லை. 2ஆம் தேதி தகுதிகாண் கமிட்டி.

டிசம்பர் 4

பணி நிரந்தர ஆணை வந்தது. பத்திரமாக வைக்க இழுப்பறையைத் திறந்தேன். துப்பட்டாவுக்கு அடியில் ரீபாவின் கடிதம், அதன்மேல் தபால்தலை ஒட்டிய உறை. ஆணையை அதற்கு மேல் வைத்து மூடினேன்.